மடுவத்து வரிசை, செக்ரோல், ஸ்ட்ரீம்

மத்தியானக் கொழுந்து நிறுக்கும் நேரம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமானாலும் சரி, நானுஓயாவைத் தாண்டி நுவரெலியாப் பக்கம் ஏறினாலும் சரி, கொழுந்து மடுவத்தில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கூடையோடும் சாக்கோடும் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் கொழுந்தைத் தராசில் ஏற்றுகிறார். கணக்கப்பிள்ளை நிறையைப் பார்த்துச் சொல்கிறார், பேருக்கு நேரே எண் விழுகிறது, அடுத்த ஆள் முன்னே வருகிறார். காலை, மத்தியானம், பின்னேரம் என்று ஒரே நாளில் மூன்று தடவையும் இதே கதை. பிறகு அந்த எண்களெல்லாம் தோட்ட ஆபீசில் செக்ரோல் என்ற பெயரேட்டில் ஏறிவிடும். கொழுந்து லொறியில் ஸ்டோருக்குப் போய்விடும். நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து அங்கே ஒரு கிலோ தேயிலையாகும்.

ஒரே தகவல் இங்கே இரண்டு உருவத்தில் இருக்கிறது. மடுவத்து வரிசையில் கடைசி ஆள் வரும்வரை மொத்தம் எத்தனை பேர் என்று சொல்ல முடியாது. நிறுத்துவிட்டுப் போனவரின் கொழுந்து லொறியில் கலந்துவிட்டது, அதைத் திரும்ப நிறுக்க வழியில்லை. செக்ரோல் அப்படியில்லை. எத்தனை பேர் என்பதைப் புரட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் வாசிக்கலாம். நடுப்பக்கத்தில் பிரித்து, பாதியை ஒரு எழுதுவினைஞரிடமும் மீதியை இன்னொருவரிடமும் கொடுத்துக் கூட்டச் சொல்லலாம்.

கணினி நிரலிலும் தரவு இந்த இரண்டு உருவத்தில்தான் கிடைக்கிறது. ஜாவா போன்ற மொழியின் பொருள்நோக்கு நிரலாக்கத்தில் பழைய தொடர்வகைகளைப் புதிய ஸ்ட்ரீமாக மாற்றுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி விடை போதும் என்றுதான் பெரும்பாலும் நினைக்கப்படுகிறது. அந்த ஒரு வரி இருக்கிறது, கீழே வரும். ஆனால் மாற்றுகிறவர் கையில் இருப்பது வரிசையா ஏடா என்பதைப் பொறுத்து அதே வரி சரியாகவும் வேலை செய்யும், பொய்யும் சொல்லும்.

வரிசையாகவே தரவு கிடைப்பது கணினி பிறந்த காலத்து வழக்கம். இலண்டனில் தேநீர்க்கடைகள் நடத்திய லயன்ஸ் கம்பனி, 1951இல் லியோ என்ற கணினியைத் தன் அலுவலக வேலைக்கு இறக்கியது. வணிகக் கணக்குக்கு ஓடிய முதல் கணினி அதுதான். நம் மலைச்சரக்கைப் போன்ற தேயிலையை விற்றுப் பிழைத்த கம்பனி என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். அதன் நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்கள். எண்கள் ஒலித்துடிப்புகளாக அந்தப் பாதரசத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய், மறுமுனையில் வெளிவந்து, மீண்டும் உள்ளே செலுத்தப்படும். வேண்டிய எண் தன் முறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். நினைத்த இடத்துக்குத் தாவிப் போகும் சுகம் பின்னால் வந்தது.

வரிசையை ஒவ்வொன்றாக எடுப்பதற்கென்று நிரல்மொழியில் தனி உறுப்பைச் சேர்த்த பெருமை, 1970களில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் சி.எல்.யு. மொழியை உருவாக்கிய பார்பரா லிஸ்கோவையும் அவருடைய குழுவையும் சேரும். தரவு உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று வெளியே இருப்பவருக்குத் தெரியவேண்டியதில்லை, அடுத்ததைக் கேட்டால் கிடைத்தால் போதும் என்பதே அதன் சாரம். 2008ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

1996இல் ஜாவாவின் முதல் பதிப்பு வந்தபோது இந்த எண்ணம் எனுமரேஷன் என்ற பெயரில் உள்ளே வந்தது. அதனிடம் கேட்கக்கூடியவை இரண்டே இரண்டு: ‘இன்னும் இருக்கிறதா?’, ‘அடுத்ததைக் கொடு.’ வெக்டர், ஹாஷ்டேபிள் என்ற அன்றைய கொள்கலன்கள் தங்கள் சரக்கை இப்படித்தான் வெளியே கொடுத்தன. 1998 டிசம்பரில், ஜோஷுவா பிளாக் வடிவமைத்த தொகுப்புச் சட்டகத்தோடு, இட்டரேட்டர் வந்தது. முறைகளின் பெயர் சுருங்கியது. கூடவே ‘இப்போது கொடுத்ததை நீக்கு’ என்ற மூன்றாவது முறையும் சேர்ந்தது. 2004இல் ஜாவா 5 இட்டரபிளைக் கொண்டுவந்தது. கேட்கும்போதெல்லாம் புதிய இட்டரேட்டர் ஒன்றை நீட்டக்கூடிய எதுவும் இட்டரபிள்தான். அதாவது இட்டரேட்டர் வரிசை என்றால், இட்டரபிள் ஏடு. குறைந்தபட்சம் அப்படி வாக்குக் கொடுக்கிறது.

இந்த மூன்றிலும் கணக்கைப் போடும் விதம் ஒன்றே. பூச்சியத்தில் ஒரு மாறியைத் தொடங்கி, வரிசை தீரும்வரை சுற்றிச் சுற்றி வந்து, ‘இவர் நாளுக்கான 18 கிலோவைத் தாண்டினாரா, தாண்டினால் இதைச் செய்’ என்று நாமே ஒவ்வொரு படியையும் ஓட்ட வேண்டும். 2014 மார்ச்சில் ஜாவா 8 வந்தபோது பிரையன் கோட்ஸ் தலைமையிலான குழு ஸ்ட்ரீமைச் சேர்த்தது. பெயரும் எண்ணமும் புதிதல்ல. 1965இலேயே பீட்டர் லாண்டின் இதைப் பற்றி எழுதிவிட்டார். ஜாவாக்காரர்களுக்கு வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது, அவ்வளவுதான்.

ஸ்ட்ரீமில் சுற்றை நாம் ஓட்டுவதில்லை. ‘கூடைக்கான கழிவைக் கழி, 18 கிலோவுக்குக் குறைந்தவர்களை விடு, மீதியிருப்பவர்களை எண்ணு’ என்று வேலையை வரிசையாக அடுக்கிக் கொடுக்கிறோம். முதல் இரண்டையும் எழுதி முடித்த கணத்தில் ஒரு கொழுந்துகூட தராசில் ஏறியிருக்காது. ‘எண்ணு’ என்ற கடைசிக் கட்டளை வந்ததும்தான் முதல் ஆள் கூப்பிடப்படுகிறார். அவர் இரண்டு படிகளையும் கடந்த பிறகுதான் அடுத்தவர். ‘எண்ணு’ என்பதற்குப் பதிலாக ‘18ஐத் தாண்டிய முதல் ஆளைக் காட்டு’ என்று கேட்டிருந்தால், அவர் கிடைத்தவுடன் வேலை நின்றுவிடும். பின்னால் நிற்பவர்களை யாரும் தொடுவதேயில்லை.

படிகளின் வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மூன்று பேர், செக்ரோல் இலக்கம் 112, 87, 204. அன்றைக்கு மூன்று நிறுவையிலும் சேர்ந்து முறையே 19, 24, 17.5 கிலோ. கூடைக்கும் ஈரத்துக்கும் என்று மொத்தம் 2 கிலோ கழிவு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கான அளவு 18 கிலோ. முதலில் 18ஐப் பார்த்து வடிகட்டிவிட்டுப் பிறகு கழித்தால், 112க்கும் 87க்கும் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழும். முதலில் கழித்துவிட்டுப் பிறகு வடிகட்டினால் 112 வெறும் 17 கிலோ. அவருக்கு அரைப்பேர் போட்டுவிட்டு, 87 ஒருவருக்குத்தான் முழுப்பேர். நிரலில் இரண்டு வரிகள் இடம் மாறியதுதான் வித்தியாசம். சுற்றை எழுதும் பழைய பாணியில் இந்தக் கழிவு எங்கே நடக்கிறது என்று தேட வேண்டும். யாராவது மாறிக்குள் மாறியாக அதைப் புதைத்திருப்பார்கள். ஸ்ட்ரீமில் அது தனியொரு படியாக, பெயரோடு, கண்ணெதிரே நிற்கும். கழிவைப் பற்றிய சண்டை தோட்டங்களில் எவ்வளவு பழையது என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது. சில கம்பனிகள் இப்போது மின்தராசு கொண்டுவந்து நிறையை நேரே கருவியில் பதிகின்றன. அந்தக் கருவிக்குள் ஓடும் நிரலில் எந்தப் படி முதலில் என்று கேட்கும் உரிமை கொழுந்து எடுக்கிறவருக்கு இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

சரி, மாற்றும் விதம். கையில் இருப்பது ஜாவாவின் வழக்கமான தொகுப்பு, அதாவது பட்டியல் அல்லது கணம், என்றால் கேட்கவே வேண்டாம். ஸ்ட்ரீம் தரும் முறை அதற்குள்ளேயே இருக்கிறது. வெக்டருக்கும் அது உண்டு, 1996இல் பிறந்தது என்பதற்காக அதை ஒதுக்கவில்லை.

இட்டரபிளுக்குத்தான் அந்த முறை இல்லை. முதல்முறை பார்ப்பவர்கள் இதை மறதி என்று நினைப்பார்கள். வேண்டுமென்றேதான் விட்டார்கள் என்று கோட்ஸ் பின்னர் விளக்கியிருக்கிறார். முழு எண்களைக் கொடுக்கும் இட்டரபிள் ஒன்றுக்கு, பொதுவான ஸ்ட்ரீமைவிட, எண்களுக்கென்றே செய்த ஸ்ட்ரீம் பொருத்தமாக இருக்கும். எல்லா இட்டரபிளுக்கும் ஒரே சட்டையைத் தைத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். அதனால் பாலம் மட்டும் கட்டிக் கொடுத்தார்கள். பாலத்தின் பெயர் ஸ்ப்ளிட்டரேட்டர். இட்டரபிளிடம் அதன் ஸ்ப்ளிட்டரேட்டரைக் கேட்டு வாங்கி, ஸ்ட்ரீம்சப்போர்ட் என்ற வகுப்பிடம் கொடுத்தால் ஸ்ட்ரீம் வரும். நான் மேலே சொன்ன ஒரு வரி இதுதான்.

இட்டரேட்டர் மட்டும் இருந்தால், ‘அளவு தெரியாத ஸ்ப்ளிட்டரேட்டர்’ ஒன்றை அதைச் சுற்றிச் செய்துகொண்டு அதே பாலத்தைக் கடக்கலாம். எனுமரேஷனுக்கு இரண்டு வழி. எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் கொட்டிவிட்டு அந்தப் பட்டியலின் ஸ்ட்ரீமை எடுக்கலாம். அல்லது 2017இல் வந்த ஜாவா 9 கொடுத்த முறையால் அதை இட்டரேட்டராக்கி, பிறகு இட்டரேட்டர் போன வழியே போகலாம். எனுமரேஷன் இன்னும் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் வலைச் சேவையகம் எழுதும் நண்பரைக் கேட்டுப் பார்க்கலாம். உலாவியிலிருந்து வரும் வேண்டுகோளின் தலைப்புப் பெயர்களைக் கேட்டால் சர்வ்லெட் என்ற ஜாவா இடைமுகம் இன்றைக்கும் எனுமரேஷனைத்தான் நீட்டுகிறது.

ஸ்ப்ளிட்டரேட்டர் என்ற பெயரிலேயே பிரிக்கும் வேலை இருக்கிறது. அடுத்ததைக் கொடுப்பதோடு ‘உன்னில் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடு’ என்றும் அதைக் கேட்கலாம். கூடவே அது தன்னைப் பற்றிச் சில வாக்குமூலங்கள் தருகிறது: என் அளவு எனக்குத் தெரியும், என்னிடம் ஒழுங்குமுறை உண்டு, என்னிடம் இரட்டிப்பு இல்லை, நான் மாறமாட்டேன். ஸ்ட்ரீம் இந்த வாக்குமூலங்களை நம்பி வேலையைச் சுருக்கிக்கொள்ளும். இரட்டிப்பு இல்லை என்று சொன்ன மூலத்தில் ‘இரட்டிப்பை நீக்கு’ என்று கேட்டால், அது தேடவே மாட்டாது. பொய் சொல்லியிருந்தால் 112ஆம் இலக்கம் இரண்டு தடவை அப்படியே நிற்கும்.

செக்ரோலிலிருந்து வந்த பட்டியல் இந்த வாக்குமூலங்களை நேர்மையாகக் கொடுக்கும். அதே பட்டியலின் இட்டரேட்டரை மட்டும் யாரோ நமக்குக் கொடுத்திருந்தால்? அந்த இட்டரேட்டருக்கு அளவு தெரியாது, ஏனென்றால் அளவைக் கேட்பதற்கு அதில் முறையே இல்லை. அளவு தெரியாது என்பதை ஜாவா ஓர் எண்ணால்தான் குறிக்கிறது: 9,223,372,036,854,775,807. நம் கணக்கில் 92 ஆயிரம் கோடி கோடிக்கு மேல். இலங்கையின் மொத்தத் தேயிலைச் செடியையும் எண்ணினாலும் அதன் பக்கத்தில் போகாது.

இதன் விளைவு இணையாக ஓட்டும்போது தெரியும். ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர்கள் 300 பேர் என்று கொள்வோம். மடுவத்தில் இரண்டாவது தராசு வைக்கிறோம், வரிசையைப் பிரிக்கவேண்டும். ஆனால் வரிசையின் நீளம் தெரியாததால் பாதி எது என்று தெரியாது. இட்டரேட்டரைச் சுற்றிய ஸ்ப்ளிட்டரேட்டர் இதற்கு ஒரு குருட்டு விதி வைத்திருக்கிறது: முன்னாலிருந்து 1,024 ஆட்களை எண்ணி அடுத்த தராசுக்கு அனுப்பு, மறுபடி கேட்டால் 2,048, அப்புறம் 3,072. நம் தோட்டத்தில் என்ன நடக்கும்? முதல் பிரிப்பிலேயே 300 பேரும் இரண்டாவது தராசுக்குப் போய்விடுவார்கள். முதல் தராசுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த 300 பேரையாவது மறுபடி இரண்டாகப் பிரிக்கலாமே என்றால், ஜாவா 8 அதையும் செய்யாது. ஒரு துண்டு எவ்வளவு சிறிதானால் பிரிப்பதை நிறுத்தலாம் என்பதை அது மொத்த அளவை வைத்துக் கணிக்கிறது. மொத்தம் 92 ஆயிரம் கோடி கோடி என்று நம்பியிருக்கும் அதற்கு 300 என்பது பிரிக்கத் தகுதியே இல்லாத தூசு. நிரலில் ‘இணையாக’ என்று எழுதியிருப்போம், வேலையை ஒரே ஆள் செய்துகொண்டிருப்பார். விடை சரியாகவே வரும் என்பதால் யாருக்கும் சந்தேகம்கூட வராது.

இன்னொரு வழக்கம் இதைவிட மோசம் என்பேன். இட்டரேட்டரை இட்டரபிளாக்க ஒரு குறுக்குவழி பிரபலமாக இருக்கிறது: ‘கேட்கும்போது இந்த இட்டரேட்டரைக் கொடு’ என்று ஒரு லாம்டாவை, அதாவது பெயரில்லாத சிறு செயலை, எழுதி, அதையே இட்டரபிள் என்று வைத்துக்கொள்வது. மொழி அனுமதிக்கிறது, தொகுப்பி முணுமுணுப்பதில்லை. ஆனால் இட்டரபிளைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் புதிய இட்டரேட்டர் வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இது கொடுப்பதோ ஒரே இட்டரேட்டரை. முதல் தடவை 300 பேர் வருவார்கள். இரண்டாம் தடவை யாரும் வரமாட்டார்கள், பிழைச் செய்தியும் வராது, கூட்டுத்தொகை பூச்சியம் என்று சாவகாசமாக விடை வரும். மடுவத்து வரிசைக்குச் செக்ரோல் அட்டை போட்டு வைத்தாற்போல. ஸ்ட்ரீம் இந்த விஷயத்தில் கண்டிப்பானது. ஒருமுறை பயன்படுத்திய ஸ்ட்ரீமை மறுபடி தொட்டால் விதிவிலக்கை எறிந்து நிரலை நிறுத்திவிடும். சத்தம் போட்டு விழுவது எவ்வளவோ மேல்.

இதெல்லாம் எங்கோ நடக்கும் கதை என்று எண்ண வேண்டாம். இலங்கையில் எழுதிய, உலகம் முழுக்கப் பரவிய நிரலொன்று இதற்குச் சரியான சான்று. 2004 வாக்கில் கொழும்பிலிருந்த நிரலாளர்கள் பலர் அப்பாச்சி அக்சிஸ்2 என்ற வலைச்சேவைத் திட்டத்தில் இறங்கினார்கள். சஞ்சீவ வீரவரன முன்னின்ற முயற்சி. அவரும் மற்றவர்களும் 2005இல் தொடங்கிய டபிள்யு.எஸ்.ஓ.2 கம்பனி இந்த வேலையைத் தொடர்ந்தது. அக்சிஸ்2இன் இதயம் அக்ஸியம் என்ற பகுதி. வலையில் வரும் எக்ஸ்.எம்.எல். ஆவணத்தை மரமாக அடுக்கித் தருவது அதன் வேலை. அன்றைய மற்றக் கருவிகள் பெரும்பாலும் முழு ஆவணத்தையும் வாசித்து முடித்துவிட்டே மரத்தைக் கொடுத்தன. அக்ஸியம் அப்படிச் செய்யவில்லை. நாம் ஒரு கிளையைக் கேட்கும்போதுதான் ஆவணத்தில் அதுவரை உள்ள பகுதியை வாசித்துக் கட்டும், மீதி வாசிக்கப்படாமலே கிடக்கும். ஸ்ட்ரீம்கள் ஜாவாவுக்கு வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அதே சோம்பல்.

ஒரு கிளையின் பிள்ளைகளைக் கேட்டால் அக்ஸியம் கொடுப்பது இட்டரேட்டர். அந்தக் காலத்தில் வேறு என்ன கொடுத்திருக்க முடியும்? இன்று அந்த நிரலைப் பராமரிப்பவர் அதை ஸ்ட்ரீமாக்க நினைத்தால், மேலே சொன்ன பாலத்தைக் கடந்து ஒரு வரியில் ஆக்கிவிடலாம். ஆனால் அந்த இட்டரேட்டரிடம் ‘அடுத்ததைக் கொடு’ என்றால், சில சமயம் அடியில் ஆவணத்தை வாசிக்கும் எந்திரமே நகர்கிறது. பிள்ளைகள் எத்தனை என்று முன்கூட்டித் தெரியாது. தெரிந்துகொள்ள முழுவதையும் வாசித்தால் அக்ஸியத்தின் புத்திசாலித்தனம் வீண். ஒழுங்குமுறை உண்டு என்று தயங்காமல் சொல்லலாம், ஆவணத்தின் வரிசைதான் அது. அளவைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. இணையாக ஓட்டும் ஆசையை விட்டுவிட வேண்டும், வாசிக்கும் எந்திரம் ஒன்றே ஒன்றுதான். பட்டியலில் கொட்டிவிட்டு மாற்றும் வழியும் இங்கே ஆகாது. சிறிய ஆவணத்துக்குப் பரவாயில்லை, பெரியதற்கு அது முழு மரத்தையும் நினைவகத்தில் இறக்கிவிடும்.

மாற்றாமல் விடவேண்டிய இடமும் உண்டு. சுற்றின் நடுவே இட்டரேட்டரிடம் சொல்லி ஒன்றை நீக்கும் பழைய நிரலை ஸ்ட்ரீமாக மாற்றினால் நீக்க வழியில்லாமல் போகும். ஸ்ட்ரீம் ஓடும்போது அதன் மூலத்தைப் பின்கதவால் மாற்றினால் ஜாவாவின் பெரும்பாலான தொகுப்புகள் கூச்சலிடும். பழைய சுற்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதை நாகரிகத்துக்காகக் கலைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இட்டரேட்டரிலிருந்து ஸ்ப்ளிட்டரேட்டருக்கு வந்தபோது நடந்த இன்னொரு மாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. ‘இருக்கிறதா?’ என்றும் ‘கொடு’ என்றும் இரண்டு கேள்வி கேட்பதில் ஓர் இடைவெளி இருக்கிறது. இரண்டு தராசுக்காரர்கள் ஒரே வரிசையைப் பார்த்தால், இருவருக்கும் ‘இருக்கிறார்’ என்று விடை கிடைக்கும். முன்னே வருவதோ ஒருவர்தான். ஸ்ப்ளிட்டரேட்டர் இரண்டையும் ஒன்றாக்கியது: ‘இருந்தால் இந்த வேலையைச் செய், இல்லையென்றால் இல்லை என்று சொல்.’ இதே ஒற்றைக் கேள்வி வேறொரு மொழியிலும் இருக்கிறது. டபிள்யு.எஸ்.ஓ.2 பின்னாளில் பலரினா என்று தன் சொந்த நிரல்மொழியையே செய்தது. எக்ஸ்.எம்.எல். உலகில் பேர்பெற்ற ஜேம்ஸ் கிளார்க் அதன் வடிவமைப்பில் முக்கியப் பங்கெடுத்தார். 2019 செப்டம்பரில் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. அந்த மொழியில் ஸ்ட்ரீம் என்பது நூலகத்தில் தேடி எடுக்கும் வகுப்பு இல்லை, மொழிக்குள்ளேயே பிறந்த வகை. அதனிடம் கேட்க ஒரே கேள்விதான் உண்டு: அடுத்தது. ஆள் இருந்தால் ஒரு பதிவுக்குள் வைத்து அவரைக் கொடுக்கும். வரிசை தீர்ந்துவிட்டால் வெறுமையைத் திருப்பும். தராசே உடைந்துவிட்டால், அதையும் அதே விடையில் பிழையாகச் சொல்லிவிடும்.